திருமணத்துக்குப் பின் ஒன்பதாம் நாள்

கடன் சங்கத்தின் கண்ணாடித் தடுப்புக்குக் கீழே கணவனின் இறப்புச் சான்றிதழைத் தள்ளிவிட்டு அட்ராக்டா காத்து நின்றாள். ஃபினியன் போய் ஐந்து வாரம். முப்பதாம் நாள் பூசை முடிந்து, கடைசி உறவினருக்கும் ஹாம் சாண்ட்விச் கொடுத்தனுப்பிய பிறகுதான் இந்த வேலைக்கு மனம் வந்தது. வீட்டுக் கூரை இரண்டு இடத்தில் ஒழுகியது. இந்தச் சங்கத்தில் அவன் கணக்கில் பதினெட்டாயிரம் யூரோ இருந்தது. வீடு, நிலம் எல்லாம் அவளுக்கென்று உயிலில் இருந்ததால் இதுவும் அப்படித்தான் என்று நினைத்திருந்தாள்.

ஊழியர் ஓர்லா கணினியைப் பார்த்தாள். பிறகு எழுந்து வந்து பக்கத்துச் சிறிய அறைக்குள் அவளை அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"உட்காருங்க. டீ போடட்டுமா?"

"டீ குடிச்சாத்தான் தாங்குற மாதிரி விஷயமா?"

ஓர்லா சிரிக்கவில்லை. "அவர் நாமினியா ஃபிலோமினாவைப் போட்டிருக்கார். நாமினி இருந்தா உயில் இந்தப் பணத்தைத் தொடாது."

ஃபிலோமினா, ஃபினியனின் தங்கை. அட்ராக்டாவைக் காரில் அழைத்து வந்தவளே அவள்தான், வாசலில் காத்திருந்தாள்.

அட்ராக்டாவுக்குச் சிரிப்புதான் வந்தது. "அது கல்யாணத்துக்கு முன்னாடி எழுதினதா இருக்கும்மா. அந்த மனுஷன் காயிதம்னாலே ஓடுவாரு. மாட்டைப் பதிவு பண்ற காயிதம் எழுதணும்னாலும் நான்தான்."

"இல்லைங்க." ஓர்லாவின் குரல் இறங்கியது. "கல்யாணம் ஆனா பழைய நாமினி தானா ரத்தாயிடும். சட்டம் அப்படி. இது அப்புறமாப் போட்டது."

ஓர்லா நீட்டிய படிவத்தில் தேதி 1997 அக்டோபர் 13. கீழே கோணல்மாணலாக அவன் கையெழுத்து. திருமணம் அதே மாதம் நான்காம் தேதி. தேனிலவுக்குப் போன கில்லார்னியில் நான்கு நாள் மழையை வேடிக்கை பார்த்துவிட்டு வீடு திரும்பியபின் வந்த முதல் திங்கட்கிழமை. வேலிக்குக் கம்பி வாங்கப் போவதாகச் சொல்லிப் போனவன், கம்பியோடு அவளுக்கு இரண்டு க்ரீம் பன்னும் வாங்கி வந்தான். அந்தப் பன்னைப் பற்றி எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறாள்! மாற்ற மறந்துவிட்டான் என்றால் திட்டிவிட்டு விட்டுவிடலாம். சும்மா இருந்திருந்தாலே பணம் அவளிடம் வந்திருக்கும். அவன் சும்மா இருக்கவில்லை.

"உங்க கணக்குல நாமினி அவர்தான்," என்றாள் ஓர்லா. "மாத்தணும். இன்னைக்கேன்னு இல்ல..."

"படிவத்தைக் கொடும்மா."

தன் பெயரையும் முகவரியையும் நிதானமாக எழுதினாள். 'நாமினியின் பெயர்' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. பிள்ளை இல்லை. இருபத்தாறு வருடமாக வேறு யாரையும் அவள் யோசித்ததில்லை.

கதவு திறந்தது. கோட்டில் மழை சொட்ட ஃபிலோமினா. "என்னடி, உள்ள போப்பாண்டவரையா தேர்ந்தெடுக்குறீங்க? வெளிய அபராதம் போடுறவன் என் காரையே சுத்தி வர்றான்."

ஓர்லா வெளியே நழுவினாள்.

"ஒம்பதாம் நாள்," என்றாள் அட்ராக்டா. "உனக்குத் தெரியுமா?"

ஃபிலோமினா மேசையில் கிடந்த பழைய படிவத்தைப் பார்த்தாள். கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினாள்.

"கல்யாணமானா செல்லாதுன்னு அவன்கிட்டச் சொன்னதே நான்தான். இந்த நாட்டுல விவாகரத்துச் சட்டம் மொத மொதல்ல வந்த வருஷம்டி அது. எல்லாரும் பயந்து கெடந்தோம். அது எங்கப்பா நிலம் வித்த காசு. நீ எத்தனை நாள் இருப்பியோன்னு..."

"இருந்தேனே."

"இருந்தே."

"அப்புறமாவது மாத்தச் சொல்லியிருக்கலாமே."

"அவனும் பேச்செடுக்கல. நானும் எடுக்கல." ஃபிலோமினா நாற்காலியை இழுத்து எதிரே உட்கார்ந்தாள். "கூரைக்கு நான் தர்றேன். நான் என்ன, இல்லன்னா சொல்லப் போறேன்?"

அட்ராக்டா தன் படிவத்தை அருகே இழுத்தாள். நாத்தனாரின் கண்கள் நாமினி பெயருக்கான அந்த வெற்றுக் கோட்டின்மேல் இறங்குவது தெரிந்தது. பரீட்சையில் பக்கத்துப் பெண் பார்த்துவிடாமல் மறைப்பதுபோல இடது கையை வளைத்து வைத்துக்கொண்டு, முதல் எழுத்தை அழுத்தி எழுதினாள்.