முப்பத்து மூன்றாவது விண்டில்கோம்

என் கணவர் பிரதீப்குமார் ஆஸ்திரேலியாவுக்கு வந்து மூன்று வருடம் கிடங்கில் பெட்டி அடுக்கிக்கொண்டே நூற்று நாற்பது வேலைகளுக்கு விண்ணப்பம் போட்டார். ஒரு இடத்திலிருந்தும் கூப்பிடவில்லை. சென்னையில் பதினோரு வருடம் மென்பொருள் கம்பெனியில் குப்பை கொட்டியவர், செவன் ஹில்ஸ் வாடகை வீட்டின் பால்கனியில் உட்கார்ந்து யோசித்து, தப்பு தன் பெயரில்தான் என்று கண்டுபிடித்தார்.

எங்களில் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்து முன்னால் நிற்கும், அவ்வளவுதான். இந்த நாட்டுப் படிவங்களில் முதலெழுத்துக்கு இடமில்லை. அதனால் ஜி. பிரதீப்குமார் இங்கே வந்ததும் பிரதீப்குமார் கோபாலகிருஷ்ணன் ஆனார். ஆஸ்பத்திரியில் "மிஸ்டர் கோபாலகிருஷ்ணன்" என்று என் மாமனாரைக் கூப்பிடுவார்கள், இவர் எழுந்து போவார். என் பெயருக்குப் பின்னால் என் அப்பா வரதராஜன். ஒரு வீட்டில் இரண்டு அப்பாக்கள் இருந்ததால், எங்களுக்குக் கல்யாணமே ஆகவில்லை என்று வீட்டு ஏஜென்ட் பெண் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

பெயரை மாற்றுவது என்று முடிவானதும் இவர் ஆராய்ச்சியில் இறங்கினார். வாஷிங் மெஷின் வாங்கவே நாலு மாதம் விமர்சனம் படித்த மனுஷர். இணையத்தில் ஆங்கிலக் குடும்பப் பெயர்களின் பட்டியல் இருக்கிறது. எந்தப் பெயர் எந்த ஊரில் பிறந்தது, உலகத்தில் எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள், எத்தனையாவது இடம் என்றெல்லாம் போட்டிருக்கிறார்கள்.

"ஸ்மித்துன்னு வச்சுக்கோங்களேன், சுலபமா இருக்கும்" என்றேன்.

"ஸ்மித் எப்படி இருப்பான்னு எல்லாருக்கும் தெரியும் பத்மா. யாருக்குமே தெரியாத பேரா இருக்கணும். அந்தப் பேர்க்காரன் இப்படித்தான் இருப்பான்னு எவனாலயும் சொல்ல முடியாது."

அப்படி அகப்பட்டதுதான் விண்டில்கோம். இங்கிலாந்தின் தென்மேற்கில் ஒரு பள்ளத்தாக்கின் பெயராம். அறுநூறு வருடம் முன்னால் கொள்ளைநோய் வந்து ஊர் அழிந்துபோனது. ஊரைவிட்டு ஓடியவர்கள் ஊர்ப்பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். உலக வரிசையில் ஏழு லட்சத்துச் சொச்சமாவது இடம். மொத்தமே முப்பத்தொரு பேர்.

பிரதீப்குமாரில் குமாரையும் வெட்டிவிட்டு, பிரதீப் விண்டில்கோம் என்று போட்டார். என்னையும் மாற்றச் சொன்னார். பாஸ்போர்ட், லைசென்ஸ், வங்கி என்று அலைய எனக்கு உடம்பில் தெம்பில்லை, மாட்டேன் என்றுவிட்டேன்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், மூன்றாவது வாரம் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். இவர் அறைக்குள் நுழைந்ததும், இவருக்குப் பின்னால் விண்டில்கோம் வருகிறாரா என்று அங்கிருந்த மூன்று பேரும் கதவைப் பார்த்தார்களாம். நாலாவது இடத்தில் வேலை கிடைத்தது. பரமட்டாவில், இவர் படிப்புக்கு ஏற்ற வேலை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. அதே மனுஷர், அதே அனுபவம்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. இவருக்குப் பெயர்ப் பித்து பிடித்துவிட்டது. பதினேழாம் நூற்றாண்டில் ஒரு விண்டில்கோம் ஆடு திருடிப் பிடிபட்டதைச் சித்தப்பா மாட்டிக்கொண்டதுபோல் வருத்தமாகச் சொல்வார். தன் தாத்தாவின் அப்பா பெயரைக் கேட்டால் அம்மாவுக்குப் போன் போட வேண்டும்.

அப்போதுதான் மெல்போர்னிலிருந்து எனிட் விண்டில்கோம் என்ற எழுபத்தெட்டு வயது அம்மாளின் மின்னஞ்சல் வந்தது. உலகத்தில் அந்தப் பெயர் வைத்திருக்கிற எல்லாரையும் நாற்பது வருடமாகக் கணக்கெடுத்து வருகிறாராம். ஆஸ்திரேலியாவில் தான் ஒருத்தி மட்டுமே மிச்சம் என்று நினைத்திருந்தாராம். 'அன்புள்ள உறவினருக்கு' என்று தொடங்கி, உங்களுக்குக் குழந்தைகள் உண்டா என்று முடித்திருந்தார்.

எனக்கு அப்போது ஏழாம் மாதம். மார்ச்சில் ஒன்று வருகிறது என்று இவர் பதில் போட்டார். மறுநாளே எனிட் எழுதினார். இருபத்தாறு வருடமாக எந்த நாட்டிலும் ஒரு விண்டில்கோம் பிறக்கவில்லை, இவர் முப்பத்திரண்டு, குழந்தை முப்பத்து மூன்று, இனி நிம்மதியாகச் சாவேன் என்று.

"உண்மைய எழுதிடுங்க" என்றேன்.

"அவங்க கேக்கவே இல்லையே."

"கெழவி சாகற வரைக்கும் கேக்கமாட்டாங்கன்னு நெனப்பா?"

கேட்கவில்லை. நேரிலேயே வந்துவிட்டார். யாமினிக்கு ஒன்பது வாரம் ஆகியிருந்தபோது, ஒரு சனிக்கிழமை காலை, கையால் பின்னிய தொப்பியும் சுருட்டிய வம்சப் படமுமாக வாசலில் நின்றார். கதவைத் திறந்த இவரைப் பார்த்தார். பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று பார்க்கவில்லை. அதற்காகவே எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

தேநீர் கொடுத்தோம். இவரால் தாங்க முடியவில்லை. பெயர் இணையத்தில் பார்த்து எடுத்தது, எனக்கும் அந்தப் பள்ளத்தாக்குக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, மன்னிக்க வேண்டும் என்று தலை குனிந்து சொல்லி முடித்தார்.

எனிட் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துச் சாப்பிட்டார்.

"என் கொள்ளுத்தாத்தா கப்பலிலிருந்து தப்பி ஓடியவர்" என்றார். "மெல்போர்ன் துறைமுகத்தில் போலீஸ் பெயர் கேட்டிருக்கிறது. எதிரே கம்பளிக் கிடங்கின் பலகையில் இந்தப் பெயர் இருந்தது. உண்மைப் பெயர் என்னவென்று கடைசிவரை சொல்லவில்லை. இதை நான் எழுதின நாளிலிருந்து இங்கிலாந்து விண்டில்கோம்கள் எனக்குக் கடிதம் போடுவதில்லை. எனக்கு ரத்தம் முக்கியமில்லை. பெயரைச் சுமக்க ஆள் வேண்டும்."

பிறகு, ரயில் நேரத்தைச் சொல்வதுபோல் சாதாரணமாக இன்னொன்றும் சொன்னார். அண்ணன் வாரிசில்லாமல் இறந்தபோது எனிட்டுக்கு இருபத்து நாலு வயது. கட்டினால் பெயர் மாறிவிடும் என்பதால் அப்பா கல்யாணம் வேண்டாம் என்றுவிட்டார். இரண்டு பேர் கேட்டு வந்தார்கள். ஒருவர் நல்ல மனிதர்.

பலகையில் பார்த்த பெயருக்காக ஒரு ஆயுசு.

எனிட் வம்சப் படத்தை மேஜையில் விரித்தார். அடிக்கோடியில் ஒரு காலிக் கட்டம். முழுப்பெயரைத் தப்பில்லாமல் எழுத வேண்டும், பிறப்புச் சான்றிதழைக் காட்டுங்கள் என்றார். தபாலில் வந்த உறையை நாங்கள் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. இவர் பெருமையாகப் பிரித்து நீட்டினார். எனிட் படித்தார். பேனா அப்படியே நின்றது.

யாமினி பிரதீப்குமார்.

படிவத்தை நிரப்பியது இவரேதான். குழந்தையின் குடும்பப் பெயர் என்று கேட்ட இடத்தில், கை பாட்டுக்கு அப்பா பெயரை எழுதியிருக்கிறது. நானும் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன். எனக்கும் தப்பாகத் தெரியவில்லை. குழந்தைக்குப் பின்னால் அப்பா பெயர்தானே வரும்? வேறென்ன வரும்?

இவர் முகம் வெளுத்துவிட்டது. "ஒன்றுமில்லை, ஒரு படிவம்தான், இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால் மாற்றிவிடலாம்" என்று எனிட்டிடம் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, தமிழில் என்னிடம், "போட்ருவல்ல பத்மா?" என்றார்.

எனிட் என்னைத்தான் பார்த்தார். "போடுவாயா அம்மா?"

அந்தக் கண்களைப் பார்த்து மாட்டேன் என்று சொல்லக் கல்நெஞ்சம் வேண்டும். ஆனால் நான் கட்டிக்கொண்டது பிரதீப்குமாரை. அந்தப் பெயர் இன்று வேலையில் இல்லை, லைசென்ஸில் இல்லை, தபால்பெட்டியில்கூட இல்லை. இந்த நாட்டில் அது எழுதியிருக்கிற ஒரே இடம் என் மகள். அதையும் அழித்துவிட்டு நான் யாரோடு குடித்தனம் நடத்துவது?

"மாட்டேன்" என்றேன். "மன்னிச்சுக்கோங்க. மாட்டேன்."

எனிட் பேனாவை மூடிப் பைக்குள் வைத்தார். படத்தைச் சுருட்டினார். தொப்பியை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை, யாமினியின் தலையில் வைத்து அளவு பார்த்தார், கொஞ்சம் பெரிதாக இருந்தது. இன்னொரு கோப்பைத் தேநீர் கேட்டுக் குடித்தார்.

ஸ்டேஷனுக்குக் காரில் கொண்டுபோய் விட்டோம். பிளாட்பாரத்தில் இவர் மறுபடி மறுபடி மன்னிப்புக் கேட்டார், வீட்டுக்குப் போனதும் பத்மாவிடம் பேசிப் பார்க்கிறேன் என்று நான் நிற்கும்போதே சொன்னார்.

"வேண்டாம், அவளை விடுங்கள்" என்றார் எனிட். "இருபத்து நாலு வயதில் என்னிடம் யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் போட்டிருக்க மாட்டேன்."