அட்டையைத் திருப்பிய கை

அந்தப் பள்ளிக்கூட வேனில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பிள்ளைகள் எல்லோரும் இறங்கியபின் ஒருவர் கடைசி இருக்கைவரை நடந்துபோய், குனிந்து பார்த்துவிட்டு, பின்கண்ணாடியில் தொங்கும் அட்டையைத் திருப்ப வேண்டும். ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் பச்சை. பச்சை தெரிந்தால் உள்ளே யாரும் இல்லை என்று அர்த்தம். வாசல் காவலாளி வண்டியை மைதானத்து ஓரம் நிறுத்தச் சொல்லிவிடுவார். நன்றாக யோசித்துச் செய்த ஏற்பாடுதான். மனிதனின் சோம்பலை மட்டும் யோசிக்காமல் விட்டுவிட்டார்கள்.

திருப்புகிற வேலை பெல்ட்டக்காவுடையது. பிள்ளைகளை ஏற்றி இறக்கும் உதவியாளர் அவள். "பெல்ட்டப் போடு, பெல்ட்டப் போடு" என்று காலையும் மாலையும் கத்திக் கத்தி அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அவள் இல்லாத நேரம் டிரைவர் திருப்பலாம். ஆனால் யாராக இருந்தாலும் உள்ளே ஏறித்தான் திருப்ப வேண்டும்.

டிரைவர் கெட்டவர் இல்லை. பதினேழு வருடம் ஸ்டீயரிங் பிடித்தவர், வண்டியில் ஒரு கீறல் விழ விட்டதில்லை. முழங்கால் மட்டும் கொஞ்ச நாளாக மக்கர் செய்தது. குனிந்து குனிந்து உள்ளே போய் வருவதற்குப் பதில், வெளியிலிருந்தே பின்ஜன்னல் வழியாகக் கையை விட்டு அட்டையைத் திருப்பிவிடலாம் என்று ஒருநாள் கண்டுபிடித்தார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட.

அன்று காலை ஒரு பிள்ளை வாந்தி எடுத்துவிட்டது. பெல்ட்டக்கா அதைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஓடும்போதே, "அண்ணே, பின்னாடி பாத்துட்டுத் திருப்பிடுங்கண்ணே" என்று கத்தினாள். டிரைவர் தலையாட்டினார். எதிர்ப்பக்கம் டீக்கடையில் பாய்லர் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. கண் அங்கே இருக்க, கை ஜன்னலுக்குள் போய் அட்டையைத் திருப்பியது. அந்தக் கைக்கு ஒரு முழம் கீழே, கடைசி இருக்கையில், மழலை வகுப்புக் குழந்தை ஒன்று சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் தண்ணீர் பாட்டிலோடு நின்றவள் அவருடைய மகள். எட்டு வயது, மூன்றாம் வகுப்பு, அதே வேனில் முன்சீட்டில் வருபவள்.

"அப்பா, உள்ள ஏறிப் பாக்கலையா?"

"பாத்தாச்சு, பாத்தாச்சு. நீ ஓடு, மணி அடிச்சிரும்."

மத்தியானம் காவலாளி நிழலுக்காக வேன் பக்கம் ஒதுங்கியபோதுதான் குழந்தையைப் பார்த்தார். அதற்கு நினைவில்லை, உடம்பு கொதித்தது. டிரைவர் மூட மறந்த அந்த ஜன்னல் வழியாக வந்த காற்றால்தான் உயிர் தங்கியது என்றார் டாக்டர். மூன்றாம் நாள் கண் திறந்து பார்த்தது. ஆனால் எந்தக் கதவைச் சாத்தினாலும் வீரிட்டு அலறியது.

யார் திருப்பியது என்று தலைமை ஆசிரியை கேட்டபோது டிரைவரின் வாய் முந்திக்கொண்டது. "பெல்ட்டக்காதான் திருப்புவாங்க மேடம். அவங்க வேலைதானே அது." சொன்னது முழுப் பொய்கூட இல்லை, அப்படித்தான் அவர் தன்னைத் தேற்றிக்கொண்டார். பெல்ட்டக்கா, "அண்ணன்கிட்ட சொல்லிட்டுத்தான் போனேன்" என்று ஒரே பிடியாக நின்றாள். ஒருவர் வார்த்தைக்கு எதிராக இன்னொருவர் வார்த்தை. அப்போது காவலாளிக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. டிரைவர் மகள் வண்டி பக்கத்திலேயே நின்றாளே, அவளைக் கேட்டால் என்ன?

"சின்னப் புள்ள, அவளுக்கு என்ன தெரியும்" என்று டிரைவர் தட்டிக்கழிக்கப் பார்த்தார். காரணம், அந்தப் பெண்ணுக்குப் பொய் வராது. வீட்டில் அவளுக்குப் பட்டப்பெயரே ஒலிபெருக்கி. ஒருமுறை வீட்டுக்கு வந்த அத்தையின் மடியில் உட்கார்ந்துகொண்டு, "நீங்க வந்தாலே அம்மாவுக்குத் தலைவலி வருதாம் அத்தை, மாத்திரை எடுத்துட்டு வரவா?" என்று அக்கறையாகக் கேட்டவள். அத்தை ஆறு மாதம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அன்று டிரைவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

விசாரணை நாள் காலையில் அவளை நடத்தியே கூட்டிப்போனார். வழியில் இரண்டு மூன்று தரம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கண்ணு, டீச்சரம்மா கேப்பாங்க. யார் அட்டையத் திருப்புனாங்கன்னு. நீ... பாக்கலைன்னு சொல்லிடுடா."

"நான் பாத்தேனேப்பா."

"பாத்தடா. இருந்தாலும் சொல்லு. அவ்வளவுதான். ஒரே ஒரு வார்த்தை."

"சொல்லலைன்னா?"

"அப்பாவ ஜெயில்ல போட்டுருவாங்க."

அவள் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அவர் விரலைப் பிடித்திருந்த கை மட்டும் இறுகியது. கேட்காமல் வந்தது அவருக்கு நிம்மதியாக இருந்தது. பாவி மனிதன், நிம்மதியாக இருந்தது!

தலைமை ஆசிரியை அறையில் பெல்ட்டக்கா ஒரு மூலையில் நின்றாள். சுவரோரம் நாற்காலியில் குழந்தையின் அப்பா. நாலு நாளாகச் சவரம் செய்யாத முகம். மேசையில் அந்த அட்டை கிடந்தது.

"பயப்படாம சொல்லும்மா. யார் இதத் திருப்புனது?"

டிரைவர் தரையைப் பார்த்தார். பாக்கலை, பாக்கலை என்று மனதுக்குள் அவரே சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

"பெல்ட்டக்கா" என்றாள் அவள்.

அவர் நிமிர்ந்தார்.

"அக்காதான் ஏறினாங்க. பாதி தூரம் போய்ட்டு, வாந்தி எடுத்த பாப்பா அழுதுச்சா, உடனே எட்டித் திருப்பிட்டு இறங்கிட்டாங்க. அப்பா முன்னாடி டயரைப் பாத்துட்டு இருந்தாங்க. இறங்கும்போது அக்கா செருப்பு படியில மாட்டிக்கிச்சு. ஒரு காலால நொண்டிட்டே போனாங்க."

அந்தச் செருப்புதான் எல்லோரையும் நம்ப வைத்தது. எட்டு வயதுப் பிள்ளை செருப்பையெல்லாம் இட்டுக்கட்டிச் சொல்லுமா என்ன? தலைமை ஆசிரியை பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினார். டிரைவர் இதில் ஒரு வார்த்தைகூட அவளுக்குச் சொல்லித்தரவில்லை.

"பொய்யி!" பெல்ட்டக்கா ஒரு அடி முன்னால் வந்தாள். "ஏண்டி ராசாத்தி, நானா? என் கண்ணைப் பாத்துச் சொல்லு, நானா?"

சிறுமி அவள் கண்ணைப் பார்த்தாள். தினமும் தன் பெல்ட்டை மாட்டி, கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போகிறவளின் கண்ணை.

"ஆமாக்கா" என்றாள்.

குழந்தையின் அப்பா மெல்லக் கேட்டார், "நெஜமாவாம்மா? நீ பாத்தியா?" அவருக்கும் தலையாட்டினாள். அந்த மனிதர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

அதற்குமேல் பெல்ட்டக்கா சிறுமியைப் பார்க்கவில்லை, டிரைவரைத்தான் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. செத்த வீட்டில் பறிகொடுத்தவரைப் பார்ப்பதுபோல அவள் பார்த்தாள். அப்புறம் தோள்பையை எடுத்துக்கொண்டு, கூப்பிட்டதையும் காதில் வாங்காமல் போய்விட்டாள்.

மகளைக் கூட்டிக்கொண்டு அவர் பள்ளி வாசலைத் தாண்டி வந்தார். வெயில் சுள்ளென்று அடித்தது. இருபது அடி நடந்ததும் அவர் நின்றார்.

"அப்பா பாக்கலைன்னுதானே சொல்லச் சொன்னேன்?"

"அப்படிச் சொன்னா நம்ப மாட்டாங்கப்பா. பக்கத்துல நின்னுட்டு எப்படிப் பாக்காம இருப்பேன்? அதான் சேத்துச் சொன்னேன்." அவள் அண்ணாந்து பார்த்தாள். "நல்லா சொன்னேனா?"

தேர்வுத் தாளை நீட்டிவிட்டுக் காத்திருக்கும் முகம். அதே இரட்டைச் சடை, அதே விழுந்த பல். வாழ்நாளில் செய்த பாவமெல்லாம் ஒருபக்கம், இது ஒருபக்கம் என்று அவருக்குப் பட்டது. வேனில் கிடந்த குழந்தையின் உயிராவது திரும்பி வந்தது.

"நீ இங்கயே நில்லு கண்ணு. அப்பா உள்ள போய்ட்டு வந்துர்றேன்."

"எதுக்கு?"

"உண்மையச் சொல்லிட்டு வந்துர்றேன்."

நான்கு அடி வைத்திருப்பார். அவள் ஓடிவந்து இரண்டு கையாலும் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். முகம் வெளுத்திருந்தது.

"வேணாம்ப்பா. நான் பொய் சொன்னேன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிரும். அக்காவுக்குத் தெரியும், பரவால்ல. டீச்சருக்கும் தெரிஞ்சா நான் எப்படிப்பா ஸ்கூலுக்கு வருவேன்? உங்களுக்காகத்தானே சொன்னேன்!"

ஜன்னல் வழியாகத் தலைமை ஆசிரியை இன்னும் எழுதிக்கொண்டிருப்பது தெரிந்தது. அவர் முன்வைத்த காலைப் பின்னால் எடுத்தார். அவள் அவர் சட்டையை விட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெரிய மனுஷி மாதிரி அவர் கையைப் பிடித்தாள்.

"அம்மா கேட்டா நான் சொல்லிக்கிறேன். நீங்க ஒண்ணும் பேசாதீங்க" என்றாள்.

அவர் ஒன்றும் பேசாமல் அவளோடு நடந்தார்.