மூச்சை விடலாம்

என் அண்ணனிடம் மானின் பின்பக்கப் படங்கள் மட்டும் நானூறுக்கு மேல் இருக்கின்றன. பதினோரு வருடமாகக் குளிர்காலம் வந்தால் மலை ஏறிவிடுகிறான். மான்கள் பனியில் நிற்கும். இவன் முழங்காலிட்டு, லென்ஸ் மூடியைக் கழற்றி, ஒரு கண்ணை மூடுவதற்குள் அவை திரும்பி ஓட ஆரம்பித்துவிடும். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் மரங்களுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாக வால்கள். அண்ணி அந்த ஃபோல்டருக்கு 'வால்' என்றே பெயர் வைத்துவிட்டார்.

"ஒரே ஒரு முகம் கொண்டுவாங்க, ஃப்ரேம் போட்டு ஹால்ல மாட்டறேன். இதை எங்க மாட்டறது, பாத்ரூம்லயா?" என்பார்.

அண்ணனுக்கு இதற்கெல்லாம் கோபம் வராது. அவன் லிஃப்ட் மெக்கானிக். நடுவழியில் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளேயிருந்து திட்டுவதைக் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போனவன்.

எப்போதும் தனியாகத்தான் போவான். இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும், "ரேடியோ, நீயும் வாயேன்," என்றான். நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். ரேடியாலஜி என்று வாயில் நுழையாத காலத்தில் அவன் வைத்த பெயர் அது. வாயே திறக்காத ரேடியோ என்று அப்புறம் விளக்கமும் சேர்த்துக்கொண்டான். எனக்குக் குளிர் ஆகாது. மானும் அவ்வளவு பிடிக்காது. மற்ற நாளாக இருந்தால், உனக்குத்தான் வேலையில்லை, எனக்குமா என்று கேட்டிருப்பேன். அன்றைக்கு உடனே சரி என்றேன்.

காரணம் வியாழக்கிழமை. அவன் கம்பெனியில் வருடாந்தர உடல் பரிசோதனை, மார்புக்கு ஒரு எக்ஸ்ரே. ஒரு மாதமாக இருமல் இருந்தது. குளிர்காலத்தில் யாருக்குத்தான் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தான். என் அறைக்கு வந்து சட்டையைக் கழற்றினான். நெஞ்சைத் தட்டோடு ஒட்டி, தாடையை மேலே தூக்கி, தோள்களை முன்னால் தள்ளி நிறுத்தினேன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய், "மூச்சை நல்லா இழுங்க. அப்படியே பிடிங்க," என்றேன். பத்தொன்பது வருடமாக, ஒரு நாளைக்கு நாற்பது பேருக்குச் சொல்லும் வார்த்தை. ஆள் பார்த்து மாற்றத் தெரியாது.

"அடேங்கப்பா, மரியாதையெல்லாம் கிடைக்குதே," என்று சொல்லிவிட்டு இழுத்துப் பிடித்தான்.

பட்டனை அழுத்தினேன். அடுத்து "விடலாம்" என்று சொல்ல வேண்டும். கிண்டல் செய்தானே, இன்னும் மூன்று நொடி பிடித்துக்கொண்டு நிற்கட்டும் என்று சும்மா இருந்தேன். அந்த மூன்று நொடியில் படம் திரைக்கு வந்துவிட்டது. வலது பக்கம், மேலே, கருப்பாக இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளை.

அது என்ன என்று சொல்வது என் வேலை இல்லை. டாக்டர் வேலை. இருந்தாலும் இத்தனை வருடம் பார்த்த கண் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. அவன் சட்டையைப் போட்டுக்கொண்டு, "எல்லாம் ஓகேயா?" என்றான். எல்லோரிடமும் சொல்வதையே அவனிடமும் சொன்னேன்: "டாக்டர் சொல்வார்." திங்கட்கிழமை பத்தரை மணிக்கு டாக்டரைப் பார்க்க நேரம் கொடுத்தார்கள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ஒரு அம்மாவிடம் மனம் கேட்காமல், "ஒண்ணும் இல்லம்மா, பயப்படாதீங்க," என்று சொல்லியிருந்தேன். பன்னிரண்டு நாள் கழித்து அவருடைய மகள் வந்து என் அறை வாசலில் நின்றாள். திட்டவில்லை. சும்மா நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டாள். அதிலிருந்து என் வாய்க்குப் பூட்டுதான்.

இப்போது பூட்டைத் திறப்பதா வேண்டாமா என்பதுதான் கேள்வி. சொன்னால், நாளைக்குத் தெரியப்போவதை இன்றைக்கே தலையில் போடுகிறேன். சொல்லாவிட்டால், ஒன்றும் தெரியாமல் சிரித்துக்கொண்டே டாக்டர் அறைக்குள் நுழைவான். மூன்று ராத்திரியாகச் சரியாகத் தூங்கவில்லை. பயமாக இருந்தது.

அடிவாரத்தில் வண்டியை நிறுத்தியபோது ஏழரை மணி. பனி கணுக்கால் வரை இருந்தது. கேமராவும் பெரிய லென்ஸும் அவன் பையில். மூன்று கால் ஸ்டாண்டும் ஃபிளாஸ்கும் என் தலையில் விழுந்தன. உபரி பேட்டரி இரண்டையும் சட்டைக்குள் நெஞ்சோரமாக வைத்துக்கொண்டான். குளிரில் பேட்டரி சீக்கிரம் செத்துவிடுமாம். நானும் செத்துவிடுவேன், என்னை எங்கே வைத்துக்கொள்வாய் என்று கேட்டேன்.

"பேசாம வா. நம்ம வாசனைக்கே பாதி மான் ஓடிடும். மீதி உன் பேச்சுக்கு ஓடிடும்."

காற்று நம் முகத்தில் அடிக்கிற மாதிரிதான் நடக்க வேண்டும் என்று சுற்றுவழியில் கூட்டிப்போனான். இருபது எட்டுக்கு ஒருமுறை நின்றான். "லென்ஸைத் துடைக்கணும்," என்பான். லென்ஸ் பைக்குள் இருந்தது. நான் குனிந்து ஷூ லேஸை அவிழ்த்து மறுபடி கட்டுவேன். அன்றைக்கு உலகத்திலேயே சுத்தமான லென்ஸ் அவனுடையது, இறுக்கமான லேஸ் என்னுடையது.

ஒன்பதரை மணிக்கு முதல் கூட்டத்தைப் பார்த்தோம். சரிவுக்குக் கீழே ஐந்து மான்கள், பனியைக் குளம்பால் கிளறிக் கிளறிப் புல் தேடிக்கொண்டிருந்தன. அண்ணன் ஸ்டாண்டைக்கூட விரிக்கவில்லை. பாறை மேல் லென்ஸை வைத்து, ஒரு கண்ணை மூடி, விரலைக் கொண்டுபோனான். இருமல் வந்துவிட்டது. ஒரு தடவையோடு நிற்கவில்லை. வாயைக் கையுறையால் பொத்திக்கொண்டு, குனிந்து, தோள் குலுங்கக் குலுங்க இருமினான். நிமிர்ந்தபோது ஐந்து வெள்ளை வால்கள் மரங்களுக்குள் போய்க்கொண்டிருந்தன. விடாமல் அதையும் எடுத்தான்.

"உங்க அண்ணிக்கு அஞ்சு புது வால்," என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருமல் அடங்கியதும் அவன் கையுறையைத் திருப்பிப் பார்த்ததை நான் பார்த்துவிட்டேன். கையுறையில் ஒன்றும் இல்லை.

பதினொன்றரைக்கு விழுந்து கிடந்த ஒரு மரத்தின் மேல் உட்கார்ந்து டீ குடித்தோம். சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. யாரும் இல்லை, சத்தம் இல்லை, இருவர் கையிலும் சூடான டம்ளர். தொண்டை வரைக்கும் வந்தது. அதற்குள் அவனே பேச ஆரம்பித்துவிட்டான், லிஃப்டைப் பற்றி. அவனுக்கு எங்கே போனாலும் லிஃப்ட்தான்.

"லிஃப்ட்ல மாட்டினவங்ககிட்ட என்ன பேசணும்னு எங்களுக்கு ஒரு ரூல் இருக்கு, தெரியுமா? 'பயப்படாதீங்க'ன்னு சொல்லவே கூடாது. சொன்னா இன்னும் கத்துவாங்க. எந்த மாடியில நிக்குதுன்னு சொல்லணும். 'சார், அஞ்சுக்கும் ஆறுக்கும் நடுவுல இருக்கீங்க.' அவ்வளவுதான். எங்க இருக்கோம்னு தெரிஞ்சா போதும், மனுஷன் அடங்கிடுவான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, நான் மேல ஏறி மெஷினைப் பார்ப்பேன். டீ இன்னும் இருக்கா?"

மீதியை ஊற்றினேன். சொல்ல வந்தது உள்ளேயே போய்விட்டது.

ஒன்றரை மணி சுமாருக்கு மேல் சரிவில் திறந்த இடம் ஒன்று வந்தது. அங்கே மூன்று மான்கள். இரண்டு பெண், ஒன்று கொம்புள்ள ஆண். குளிர்கால ரோமம் சாம்பல் நிறத்தில் தடித்திருந்தது. மூச்சு விடும்போதெல்லாம் மூக்குக்கு முன்னால் வெள்ளையாகப் புகை வந்தது. எங்களுக்கும் அவற்றுக்கும் நடுவே அறுபது எட்டுகூட இருக்காது. இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததே இல்லை என்று அவன் வாயை மட்டும் அசைத்துச் சொன்னான். எனக்கு மானைப் பிடிக்காது என்று சொன்னேன் இல்லையா, அந்த ஐந்து நிமிடம் பிடித்திருந்தது.

பனியிலேயே குப்புறப் படுத்தான். நானும் பக்கத்தில் படுத்தேன். ஆண் மான் தலையைப் பனிக்குள் விட்டுத் தின்றுகொண்டிருந்தது. அது நிமிர வேண்டும். நிமிரும் வரை இவன் இருமக் கூடாது. கழுத்து நரம்பு துடிப்பது தெரிந்தது. என் பக்கம் திரும்பி, காற்று மாதிரி பேசினான்.

"வரப்போகுது. நீ சொல்லு."

"என்ன சொல்ல?"

"ஆஸ்பத்திரியில சொல்வியே, அதை. நீ சொன்னா நிக்கும்."

அவன் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, "மூச்சை நல்லா இழுங்க. அப்படியே பிடிங்க," என்றேன்.

இழுத்தான். பிடித்தான். நெஞ்சு அசையவில்லை, லென்ஸ் அசையவில்லை. மான் தின்றுகொண்டே இருந்தது. கிளிக், கிளிக் என்று தலையில்லாத மானை எடுத்தான். அவன் காது சிவந்தது. நான் மானைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவனைப் பார்த்தேன். இதற்கு மேல் பிடிக்கக் கூடாது என்று தோன்றியது.

"விடலாம்," என்றேன். ரகசியமாகச் சொல்லத்தான் நினைத்தேன். இருபது அடி தள்ளி நிற்கும் நோயாளிக்குச் சொல்கிற குரலில் வந்துவிட்டது. மூன்று தலையும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. மூன்று முகமும் எங்களையே நேராகப் பார்த்தன, கொம்போடு, காதோடு, மூக்கில் ஒட்டிய பனியோடு. அண்ணன் இருமிக்கொண்டிருந்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேமராவை எடுத்தபோது வழக்கம்போல வால்தான் மிச்சம்.

"கெடுத்துட்டேன்," என்றேன். "சாரிண்ணா."

"பரவால்ல." மல்லாந்து படுத்து மூச்சு வாங்கினான். "இன்னைக்காவது மறக்காம சொன்னியே."

"எதை?"

"விடலாம்னு. வியாழக்கிழமை சொல்லவே இல்லை. நானா விட்டேன்."

எழுந்து பனியிலேயே உட்கார்ந்தேன்.

"எனக்கு முன்னாடி மூணு பேரு போனாங்க. வெளிய பெஞ்ச்ல உட்கார்ந்து கேட்டுட்டுதான் இருந்தேன். மூணு பேருக்கும் சொன்ன. எனக்கு மட்டும் சொல்லலை," என்றான். குரலில் குற்றம் சாட்டுவது எதுவும் இல்லை. பழுதான இடம் எது என்று மேனேஜரிடம் சொல்கிற குரல்தான். "இங்க வந்தா நீயே சொல்வேன்னு நினைச்சேன். நீ ஷூ லேஸைக் கட்டிட்டே இருக்க."

"டாக்டர்தான் சொல்லணும்," என்றேன். அதற்குள் அழுகை வந்துவிட்டது.

"சரி, அவர் சொல்லட்டும். நீ எந்த மாடின்னு மட்டும் சொல்லு."

வாய்க்குப் பூட்டுப் போட்ட பிறகு இதுதான் முதல் தடவை. "மேல் மாடி," என்றேன். "வலது பக்கம்."

"பெருசா?"

"கோலி அளவு."

"உன் கோலியா, என் கோலியா?"

சின்ன வயதில் என்னிடம் சாதாரணக் கோலிதான். பெரிய கோலி அவனுடையது, தொடக்கூட விடமாட்டான்.

"உன்னோடது," என்றேன். "அது என்னன்னு எனக்குத் தெரியாதுண்ணா. நிஜமாவே தெரியாது. எது வேணா இருக்கலாம்."

"ம்." லென்ஸ் மூடியை எடுத்து மாட்டினான். "ரேடியோ பாடிடுச்சு," என்றான். எழுந்து, என் கோட்டில் ஒட்டியிருந்த பனியைத் தட்டிவிட்டான். இறங்கும்போது லென்ஸ் துடைக்கவில்லை. மூச்சு வாங்கியபோது நின்று, மூச்சு வாங்குது என்று சொல்லிவிட்டு வாங்கினான். ஃபிளாஸ்கை நான் தூக்கினேன், ஸ்டாண்டையும் நான்தான் தூக்கினேன்.

வண்டி நிறுத்திய இடத்துக்கு வந்ததும் அவனுக்கு ஒரு யோசனை.

"நாளைக்கு அவர் சொல்லும்போது புதுசா கேட்கற மாதிரி இருக்கணும் இல்ல? உன் வேலைக்கு வம்பு வந்துடப் போகுது. எனக்கு நடிக்க வராதே."

"எனக்கு மட்டும் வந்துதா?"

"அதான் பார்த்தேனே. இரு, ஒரு படம் எடு. மூஞ்சி சரியா வருதான்னு பார்க்கலாம்."

கேமராவை என் கையில் கொடுத்துவிட்டு வண்டிக் கதவோடு சாய்ந்து நின்றான். கண்ணை உருட்டி வாயைப் பிளந்தான். எடுத்தேன். இருவரும் சின்னத் திரையில் எட்டிப் பார்த்தோம். பரிசு விழுந்தவன் மூஞ்சி மாதிரி இருக்கிறது என்றேன். இரண்டாவது, பஸ்ஸைத் தவறவிட்டவன் மூஞ்சி.

"இன்னொண்ணு. கடைசி."

"அசையாதீங்க," என்றேன். "மூச்சை இழுங்க. பிடிங்க."

பிடித்தான். எந்த மூஞ்சியையும் வைத்துக்கொள்ள மறந்துவிட்டான். எடுத்த கையோடு, "விடலாம்," என்றேன்.

அந்தப் படத்தில் ஐம்பத்திரண்டு வயது மனிதன் ஒருவன் நேராக என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அவனுக்குப் பயமாக இருக்கிறது. காலையிலிருந்து எடுத்த இருபது சொச்சம் படங்களில் ஒழுங்காக விழுந்த முகம் அது ஒன்றுதான்.

"நல்லாத்தான் வந்திருக்கு," என்றான் அண்ணன். "உங்க அண்ணி ஒரு முகம் கேட்டுட்டே இருந்தாளே. ஃப்ரேம் போட்டு ஹால்ல..."

சொன்னது எங்கள் இருவர் காதிலும் வேறு மாதிரி விழுந்துவிட்டது.

கேமராவில் அழிக்கிற பட்டன் எது என்று எனக்குத் தெரியாது. தேடிக் கண்டுபிடித்தேன். நிச்சயமாகவா என்று கேட்டது. ஆம் என்று அழுத்தினேன்.

"அண்ணி வாலையே மாட்டட்டும்," என்றேன். "சாவியைக் கொடு. நான் ஓட்டறேன்."