இழுப்பறையில் கிடந்த பேட்ஜுகள்

பொழுது இன்னும் சரியாக விடியவில்லை. வேலப்பன்சாவடி நெடுஞ்சாலையோரம் இருந்த ஸ்கேன் சென்டரின் பின்வாசலில் மருந்து வண்டி வந்து நின்றது. ஜெகன் ஓடிப்போய்ப் பெட்டியை இறக்கினான். உள்ளே இருப்பது விரல் நீளப் புட்டிதான். ஆனால் அதைச் சுற்றியிருந்த ஈயத்தின் கனம் தோள்பட்டையைப் பிடுங்கியது. ஆவடியில் எக்ஸ்ரே டெக்னீஷியனாகப் பல வருஷம் உழைத்துவிட்டு வந்தவன் அவன். அந்தத் தோள்வலி அவனுக்கு இங்கே வந்த பிறகு சேர்ந்தது.

"அக்கா, வந்துச்சு! லேட்டா அனுப்பிக்கீறானுங்க. ஓடு ஓடு!"

வரலட்சுமி கையுறையை இழுத்துவிட்டபடி தயாராக நின்றாள். வெள்ளானூர்க்காரி. பெரிய ஆஸ்பத்திரிகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் பாதி ஆயுசைக் கழித்த நர்ஸ். அவளுக்குப் பக்கத்தில் ரேஷ்மா, அவளும் நர்ஸ்தான், வயதில் இளையவள்.

புட்டிக்குள் இருப்பது கதிர்மருந்து. புற்றுநோய் உடம்பில் எங்கே ஒளிந்திருக்கிறது என்று ஸ்கேனில் காட்டிக் கொடுக்கும். வண்டியில் ஏற்றிய நேரத்திலிருந்தே அதன் வீரியம் கரைந்துகொண்டிருக்கும். தாமதித்தால் வெறும் தண்ணீர். முன்வாசலிலோ ராத்திரியிலிருந்து பட்டினி கிடக்கிற நோயாளிகள், தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு காத்திருந்தார்கள். முன்பு வந்ததைப்போல இப்போது இரண்டு மடங்குப் பேர் வந்தார்கள். வேலை செய்கிற கைகள் மட்டும் கூடவில்லை.

மருந்தைப் பிரிக்கிற சின்ன அறையை ஹாட் லேப் என்பார்கள். அதற்குள் நுழைவதற்கு முன் மூன்று பேரும் ஒரு காரியம் செய்தார்கள். நெஞ்சில் குத்தியிருந்த பேட்ஜைக் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு உள்ளே போனார்கள்.

விவரம் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று பதிந்துகொள்கிற பேட்ஜ் அது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்பி அளவு பார்ப்பார்கள். கூடியிருந்தால் கேள்வி வரும், ஆளை மாற்றச் சொல்வார்கள். அப்படிப்பட்ட பேட்ஜை, அது தேவைப்படுகிற அந்த ஓர் இடத்தில் மட்டும், இவர்கள் கழற்றி வைத்தார்கள். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் பைத்தியம் இவர்களுக்குத் தானாகப் பிடிக்கவில்லை.

சென்டரின் முதலாளி டாக்டர் கங்காதரன் ஒரு மேற்பயிற்சி கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தார். வருஷக்கணக்கில் அனுபவமுள்ள நர்சுகளுக்கும் டெக்னீஷியன்களுக்கும் அணு மருத்துவத்தில் உயர் பயிற்சி. முடித்தவர்களுக்கு நிரந்தர வேலை, எந்த ஊருக்குப் போனாலும் மதிப்பு. கூடவே ஒரு வார்த்தையும் சொல்லிவைத்தார்: "யாரோட அளவு கூடுதோ அவங்களுக்குக் கவனம் போதாதுன்னு அர்த்தம். கவனமில்லாதவங்களுக்கு எப்படி சீட் குடுக்கறது?" வேலையை இரண்டு மடங்காக்கினார், ஆள் போடவில்லை, கவனத்தை மட்டும் கேட்டார். ஊசிக்கு மாட்டுகிற கனத்த உறை ஒன்று உண்டு, கதிரை மறைக்கும். அதை மாட்டிக்கொண்டு நரம்பு தேடினால் வரிசை தெருவுக்கு வந்துவிடும். ஆகவே உறை அலமாரியில் தூங்கியது, பேட்ஜ் இழுப்பறையில் தூங்கியது. இவர்கள்தான் தூக்கமில்லாமல் வேலை செய்தார்கள்.

ரேஷ்மாவுக்கு அந்தப் பயிற்சி ஒரு கனவு. திருமுல்லைவாயிலில் வாடகை வீடு. கணவன் தினேஷ் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் இருந்தான். கல்யாணமாகி வெகுகாலம் கோயில் குளமென்று அலைந்த பிறகு அவள் வயிற்றில் ஒன்று தங்கியது. சென்டரில் சொல்லியிருந்தால் ஹாட் லேபிலிருந்து மாற்றியிருப்பார்கள், சீட்டும் அதோடு போயிருக்கும். பயிற்சி தொடங்கட்டும், பேர் ஏறிய மறுநாளே சொல்லிவிடலாம் என்று கணக்குப் போட்டாள். வாந்தி வந்தால் கழிப்பறைக் குழாயைத் திறந்துவிட்டுச் சத்தம் கேட்காமல் எடுத்தாள். அது ஒருத்திக்கு மட்டும் தெரியும். மருந்து ஏறிய நோயாளிகளின் சிறுநீரிலும் கதிர் இறங்கும், அவர்கள் போகிற கழிப்பறையைக் கழுவுகிற ஆக்னஸ், பூந்தமல்லியிலிருந்து வருகிறவள். அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. டிபன் டப்பாவில் எலுமிச்சை ஊறுகாய் கொண்டுவந்து ரேஷ்மாவின் கையில் வைத்தாள், அவ்வளவுதான்.

ஒரு வியாழக்கிழமை. கீமோ ஏறி ஏறி நரம்பெல்லாம் சுருங்கிப்போன ஓர் அம்மாளின் கையில் ரேஷ்மா ஊசிக்கு இடம் தேடிக்கொண்டிருந்தாள். அடிவயிற்றில் சுரீரென்றது. பல்லைக் கடித்துக்கொண்டு நரம்பைப் பிடித்து, மருந்தை ஏற்றி, பஞ்சை அழுத்தி, "கையை மடக்கி வெச்சுக்கோங்கம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் சுவரைப் பிடித்தாள். தரையில் ரத்தம் சொட்டியது.

பிரசவ ஆஸ்பத்திரியில் வரலட்சுமிதான் கூட இருந்தாள். எல்லாம் முடிந்த பிறகு அங்கிருந்த டாக்டரம்மா கேட்டார்.

"கதிர் வேலைன்னு சொல்றீங்க. எவ்வளவு பட்டிருக்கும்?"

ரேஷ்மா வரலட்சுமியைப் பார்த்தாள்.

"இதனாலதான்னு என்னால சொல்ல முடியாதும்மா. எவ்வளவோ பேருக்குக் காரணமே இல்லாம கலைஞ்சிடுது. ஆனா அளவு தெரிஞ்சா யோசிக்கலாம். பேட்ஜ்னு ஒண்ணு குடுப்பாங்களே?"

ரேஷ்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.  செத்துப்போனது எதனால் என்று கேட்கக்கூட வழியில்லாமல் ஒரு தாய் கிடக்கிறாள். இதைவிடக் கொடுமை வேறென்ன வேண்டும்?

தேறி வேலைக்குத் திரும்பிய அன்றே ரேஷ்மா முதலாளியின் அறைக்குப் போனாள். வரலட்சுமியும் ஜெகனும் கூடவே போனார்கள்.

"உக்காருங்கம்மா" என்றார் கங்காதரன். "கேள்விப்பட்டு ரொம்ப வருத்தமாயிடுச்சு. கடவுள் வேற குடுப்பார்."

"சார், நான் எவ்வளவு வாங்கினேன்னு தெரியணும். கணக்குப் போட்டுப் பாக்கறவங்க இருக்காங்களாம். எத்தன ஊசி போட்டேன்னு வெச்சுப் பாத்தா வருமாம்."

"எதுக்குக் கணக்கு? உங்க பேட்ஜ் ரிப்போர்ட்ல ஒண்ணுமே இல்ல. ஜீரோன்னு வெச்சுக்கலாம். அது பொய் சொல்லுமா?"

"அது இழுப்பறைல இருந்துச்சு சார்."

"யார் வெச்சது? நான் கழட்டச் சொன்னேனா? என்னிக்காவது சொல்லியிருக்கேனா?"

அவர் சொன்னதில்லைதான்.  ஆனாலும் ஜெகன் முணுமுணுத்தான்.

"அளவு கூடுனா சீட்டு இல்லன்னு சொன்னீங்களே சார்."

"கவனமா இருங்கன்னு சொன்னேன். ரேஷ்மா, கர்ப்பம்னு மொதல்லயே சொல்லியிருக்க வேண்டியது உங்க கடமை. அதை நான் பெரிசு பண்ணப்போறதில்ல." அவர் குரலைத் தாழ்த்தினார். "வர்ற புதன்கிழமை டாக்டர் நிஷா வர்றாங்க. நம்ம சென்டர்ல பயிற்சி நடத்தலாமான்னு அவங்கதான் முடிவு பண்ணணும். எல்லாரும் பேட்ஜோடதான் வேலை செய்றோம்னு ஒரு வார்த்தை. போதும். உங்க சீட் பத்திரமா இருக்கு. நானும் மனுஷன்தானே."

வெளியே வந்து மூவரும் டீக்கடைப் பக்கம் நின்றார்கள். ஆக்னஸும் கையைத் துடைத்துக்கொண்டே வந்து சேர்ந்தாள். மேம்பாலத்துக்குக் கீழே வண்டிகள் முட்டிமோதிக்கொண்டிருந்தன.

"நம்பளே கய்ட்டி வெச்சுட்டு இப்போ போய் இன்னான்னு கேக்கறது?" என்றான் ஜெகன். "மாட்டிகினோம்க்கா. வாயத் தொறந்தா நம்ப தலைலதான் வுயும்."

"பேஷண்ட்டுங்க பட்டினியா வந்து குந்திகினு கீறாங்க, வேலைய நிறுத்தவும் மனசு வராது" என்றாள் வரலட்சுமி. "அத்தத் தெரிஞ்சுகினுதாண்டா அந்தாளு ஆடறாரு."

ரேஷ்மா டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"எனக்கு சீட்டு வேணாங்க்கா. தினேஷ் ராத்திரில எழுந்து உக்காந்துக்கறாரு. 'நான் உன்னைய வேலைக்குப் போவாதன்னு சொல்லியிருக்கணும்'னு அவரு மேலயே பழியப் போட்டுக்கறாரு. நான் என் மேல போட்டுக்கறேன். ரெண்டு பேரும் மாத்தி மாத்தி அழறோம். ஆக்னஸ் அக்கா பொண்ணு நர்சிங் முடிச்சுட்டு இங்கதான வரப்போறா? அவளும் கய்ட்டி வெச்சுட்டுதான் உள்ள போவணுமா?"

 வரலட்சுமி அவளுடைய டம்ளரை வாங்கி, ஆறிய டீயைக் கீழே ஊற்றிவிட்டு, சூடாக இன்னொன்று வாங்கிக் கொடுத்தாள். அவள் குடித்து முடிக்கிறவரை மூன்று பேரும் சுற்றி நின்றார்கள்.

புதன்கிழமை மத்தியானம், அன்றைய மருந்து தீர்ந்து நோயாளிகள் போன பிறகு, டாக்டர் நிஷா வந்தார். வெளியூரிலிருந்து வருகிற பயிற்சியாளர். அதிகம் சிரிக்காத, ஆனால் முகம் பார்த்துப் பேசுகிற பெண்மணி. ஹாட் லேபுக்கு எதிரே நோயாளிகள் உட்காரும் பெஞ்சில் எல்லாரையும் உட்காரச் சொன்னார். கங்காதரன் தள்ளி நின்றார். நடைக்கோடியில் ஆக்னஸ் தரை துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க வருஷக்கணக்கா வேலை பாத்தவங்க. உங்களுக்கு ஊசி போடக் கத்துக்குடுக்க நான் வரல" என்றார் நிஷா. "புட்டில வெறும் தண்ணிதான் இருக்கு. தினம் செய்யற மாதிரியே ஒருத்தர் செஞ்சு காட்டுங்க. அங்கேருந்து பாடத்தை ஆரம்பிக்கலாம்."

"நம்ம சீனியர் செய்வாங்க" என்றார் கங்காதரன். வரலட்சுமியைப் பார்த்துத் தலையசைத்தார்.

வரலட்சுமி எழுந்தாள். கை கழுவினாள், கையுறை மாட்டினாள். பிறகு நெஞ்சிலிருந்த பேட்ஜைக் கழற்றி, இழுப்பறையைத் திறந்து, உள்ளே போட்டு மூடினாள். ஊசியை எடுத்தாள். உறையைத் தொடவில்லை.

"நில்லுங்க" என்றார் நிஷா. "பேட்ஜை ஏன் கழட்டினீங்க?"

"தெனம் செய்யற மாதிரி செய்யச் சொன்னீங்களேம்மா. இங்க இப்டித்தான் செய்வோம்."

 கங்காதரன் வேகமாக முன்னால் வந்தார்.

"இவங்களுக்கு இன்னிக்கு ஏதோ கோபம் மேடம். இவங்க ஒருத்தர்தான் இப்படி."

ஜெகன் எழுந்து வந்தான். பேட்ஜைக் கழற்றப் போனான். ஊக்கு சட்டையில் சிக்கிக்கொண்டது. இழுத்துப் பிய்த்து இழுப்பறையில் போட்டான்.

"நானும் இப்டித்தான் மேடம்."

ரேஷ்மாவும் வந்து தன்னுடையதைப் போட்டாள்.

"என்ன பண்றீங்கன்னு புரியுதா?" கங்காதரனின் குரல் உயர்ந்தது. "பயிற்சி போச்சு. சென்டரை மூடினா வேலையும் போச்சு. வெளியில யாரு உங்களைச் சேத்துப்பாங்க?"

"மூடச் சொல்லல சார்" என்றாள் வரலட்சுமி. "ஆள் போடுங்க. பேட்ஜோட உள்ள போவ வுடுங்க. அவ்ளோதான் கேக்கறோம்."

நிஷா இழுப்பறையை இழுத்து மூன்று பேட்ஜையும் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"இதை நான் மேலே, கதிர் வேலைக்கு லைசென்ஸ் குடுக்கற அரசாங்க ஆபீசுக்குச் சொல்லியாகணும். ஆனா ஒண்ணு. பேட்ஜ் போட வேண்டியது வேலை செய்யறவங்க பொறுப்பும்தான். சென்டர் மேல மட்டும் போகாது, உங்க மேலயும் போகும். கொஞ்ச நாள் இந்த வேலைலேருந்தே நிறுத்தி வெக்கலாம். அதுக்கப்புறம் என்ன முடிவு வரும்னு எனக்குத் தெரியாது. என்னால வாக்குக் குடுக்க முடியாது."

"எங்க மேலயும் போவட்டும்மா" என்றாள் வரலட்சுமி.

"எம்பேரை மொதல்ல சொல்லுங்க மேடம்" என்றாள் ரேஷ்மா. அவள் குரல் உடையவில்லை, கண் மட்டும் நிறைந்து வழிந்தது. "எம் புள்ளைக்குப் பேரு வெக்கறதுக்குள்ள போயிடுச்சு. இருந்திருந்தா அதையும் சேத்துச் சொல்லச் சொல்லியிருப்பேன்."

நிஷா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கங்காதரன் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே அவர் யாருக்கோ போன் போடுகிற சத்தம் கேட்டது. நாளைக்கு வேலைக்கு ஆள் வெளியிலிருந்து வருமோ, இவர்களுக்குக் கதவு திறக்குமோ, ஒன்றும் தெரியவில்லை.

அப்போதுதான் நடைக்கோடியில் துடைப்பானைச் சாய்த்து வைத்துவிட்டு ஆக்னஸ் வந்தாள். வந்தவள் இழுப்பறையைப் பார்த்தாள், எல்லாரையும் பார்த்தாள், கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"எனக்குக் கய்ட்டறதுக்கு ஒண்ணும் இல்லீங்கம்மா" என்றாள் நிஷாவிடம். "இத்தினி வருசமா மருந்து ஏறினவங்க பாத்ரூம நாந்தான் கய்வறேன். எனக்கு பேட்ஜே குடுக்கல. எம்பேரும் சேருமா?"



வரலட்சுமி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். ரேஷ்மாவை ஒரு பக்கம் நகரச் சொன்னாள், ஜெகனை இன்னொரு பக்கம் தள்ளினாள். நடுவில் ஓர் ஆள் உட்கார இடம் வந்தது.

"உன் பேரு சேராம வேற யாரு பேருடி சேரும்? வா ஆக்னஸு, இங்க வந்து குந்து."

ஆக்னஸ் வந்து உட்கார்ந்தாள்.