முயல் பக்கம்

செம்மொழி அந்த நோட்டை எழுதியது காவிரியில் தண்ணீர் வராத வருஷம், இரண்டாயிரத்து மூன்றில். விலங்கியல் பட்டம் வாங்கி நாலு மாதம் ஆகியிருந்தது. பூதலூருக்கு வடக்கே அவர்கள் தெருவில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். வேலை கிடைக்கவில்லை, திமிருக்கு மட்டும் குறைச்சலில்லை என்று தெருவே சொன்னது. அது உண்மைதான்.

அவள் அப்பா செல்லதுரையிடம் சிட்டு என்ற பெண் நாய் இருந்தது. கன்னி வகை வேட்டை நாய். கறுப்பு உடம்பு, கண்ணுக்கு மேல் இரண்டு தவிட்டு நிறப் பொட்டு. தாத்தா காலத்தில் அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போட ராமநாதபுரத்துப் பக்கமிருந்து வந்த கீதாரி ஒருவர் கொடுத்துவிட்டுப் போன நாயின் வழி. எது எதற்குப் பிறந்தது, எந்தக் குட்டி எந்த வீட்டுக்குப் போனது என்று ஏழு தலைமுறையும் செல்லதுரைக்கு மனப்பாடம். ஒரு ஈத்து போட்டால் அடுத்த இரண்டு பருவத்துக்கு ஆண் நாயை அண்ட விடமாட்டார். கூடப்பிறந்ததோடு சேர்க்கவே மாட்டார். பருவ நாட்களில் சிட்டுவை அடுப்படியில் கட்டிப்போட்டு, மனைவி காளியம்மாளிடம் வசவு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

தஞ்சாவூரில் நாட்டு நாய்களுக்குப் பதிவு முகாம் போடுகிறார்கள் என்ற சேதியைக் கொண்டுவந்தவர் துரைராசு. செல்லதுரை சின்ன வயதிலிருந்து கூலிக்குப் போன பண்ணையின் வாரிசு. நிலத்தில் பாதியை மனைக்கட்டாக விற்றுவிட்டு, மீதியில் கம்பி போட்டு நாய்ப்பண்ணை வைத்திருந்தார். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர்கள் நாட்டு நாய் கேட்கிறார்களாம், பேப்பர் இருந்தால்தான் வாங்குவார்களாம். சிட்டுவோடு ஒரே ஈத்தில் பிறந்த கரியனை அவர் குட்டியிலேயே வாங்கிப் போயிருந்தார்.

செம்மொழிக்கு ஒரே ஆசை. அச்சடித்த அட்டையில், சிட்டுவின் பேருக்குக் கீழே, வளர்த்தவர் செல்லதுரை என்று இருக்க வேண்டும். நீள நோட்டு ஒன்று வாங்கினாள். காலேஜில் ரெக்கார்டு எழுதிய பழக்கத்தில் இடப்பக்கம் ஒவ்வொரு நாயின் தாய், தந்தை, கூடப்பிறந்தவை. வலப்பக்கம் அதன் வேலை: கொள்ளிடம் படுகை, தை பன்னிரண்டு, முயல் இரண்டு.

செல்லதுரை சொல்லிக்கொண்டே வந்தவர் தயங்கினார். "முயலை எதுக்கு பாப்பா எழுதுற?"

"வேட்டை நாய்னு எப்படிப்பா நம்புவாங்க?"

படித்த பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவர் மிச்சத்தையும் சொன்னார்.

முகாமில் சிட்டுவை அளந்து பார்த்த அதிகாரி இப்படி ஒரு உடம்பைப் பார்த்து வருஷமாச்சு என்றார். அட்டையில், தாய் தெரியவில்லை, தந்தை தெரியவில்லை என்று எழுதினார். செம்மொழி நோட்டை நீட்டினாள். யார் எழுதியது என்று கேட்டார். அப்பா சொல்ல நான் எழுதினேன் என்றாள்.

"நீங்களே எழுதிக்கிட்டத நாங்க எப்படிம்மா ஏத்துக்க முடியும்?"

பக்கத்து மேஜையில் கரியன் 'கிங் ஆஃப் டெல்டா' ஆகியிருந்தான். அவனுக்கும் தாய் தந்தை தெரியவில்லை. ஒரு வயிற்றில் பிறந்த இரண்டும் ஒரே மத்தியானத்தில் அந்நியர்களாகிவிட்டன. செம்மொழி அதிகாரியிடம் கத்திக்கொண்டிருக்கும்போதே துரைராசு வந்து, நோட்டைக் கொடும்மா, உள்ளே பெரியவரிடம் பேசிப் பார்க்கிறேன் என்று வாங்கிப் போனார். அரை மணி கழித்து, முடியாதுங்கறாங்க என்று திருப்பிக் கொடுத்தார். அவருக்கு நன்றி வேறு சொன்னாள். வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை இருந்ததைப் பார்த்திருந்தாள்; அதற்கு மேல் யோசிக்கவில்லை.

மூன்றாவது வாரம் துரைராசு பைக்கிலிருந்து இறங்காமலே இரண்டு காகிதங்களை நீட்டினார். ஒன்று உரிமை மாற்றும் படிவம். இன்னொன்று முயல் பக்கத்தின் ஜெராக்ஸ்.

"செல்லதுரை, முயல் புடிச்சா கேஸு, தெரியும்ல? நான் யார்கிட்டயும் காட்டப் போறதில்ல. நாயை எம்பேருக்கு மாத்திக் குடுத்துடு."

"மிரட்டுறீங்களா சார்?" என்றாள் செம்மொழி. ஐயா என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை.

"நான் என்னம்மா மிரட்டுறேன்? எழுதினது நீ. கையெழுத்து முத்து முத்தா இருக்கு."

பத்தாவது படிக்கும்போது அவள் சொல்லிக்கொடுத்த கையெழுத்தைச் செல்லதுரை போட்டார். சிட்டுவின் கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தார். "கரியனோட சேத்துடாதீங்கய்யா. ஒரே வயிறு."

துரைராசு சிரித்தார். "பேப்பர்ல அப்படி இல்லையே."

ஒரு வருஷத்துக்குள் சிட்டு இரண்டு ஈத்து போட்டாள். இரண்டும் கரியனுக்கு. பண்ணையில் கூண்டு கழுவும் மருதையன் ஒரு சாயங்காலம் உரச்சாக்கில் ஒரு குட்டியைக் கொண்டுவந்தார். முன்னங்கால் இரண்டும் வில்லாக வளைந்திருந்தன. புதாற்றில் போடச் சொன்னார்களாம், மனசு வரவில்லையாம். செல்லதுரை அந்தக் கால்களை வெகுநேரம் நீவிக்கொண்டிருந்தார்.

"முகாம் போட்ட சங்கத்துக்கு அந்த நோட்டை அனுப்பு."

முயல் பக்கத்தைக் கிழித்துவிட்டு அனுப்ப வழியில்லை. சிட்டுவின் முயல் பக்கத்துக்குப் பின்னால்தான் கரியனின் தாய் தந்தை இருந்தார்கள். அதை அவரிடம் காட்டினாள்.

"கிழிக்காத. முயலைப் புடிச்சது நான்தானே, இல்லேன்னா சொல்லப் போறேன்?"

இத்தனை வருஷம் இந்த மனுஷருக்குக் கோபமே வராதா என்று எரிச்சல்பட்டவள், அது வந்த அன்றைக்குப் பயந்தாள். இருந்தும் ஒரு மனு எழுதி, நோட்டோடு சேர்த்து அனுப்பினாள்.

பதிவுச் சங்கம் அவள் மனுவை துரைராசுவுக்கு அனுப்பி விளக்கம் கேட்டது. நாலாம் நாள் வனத்துறை ஜீப் அவர்கள் தெருவுக்கு வந்தது. கையில் ஜெராக்ஸ். யார் எழுதியது, நீங்களே எழுதிக்கொண்டதா என்று ஒருவரும் கேட்கவில்லை. கோர்ட்டில் தை பன்னிரண்டு முயல் இரண்டு, மாசி மூன்று முயல் ஒன்று என்று வரிவரியாக வாசித்தார்கள். செல்லதுரை எல்லாவற்றுக்கும் ஆமாங்கய்யா என்றார். பதினோரு நாள் உள்ளே இருந்தார், பிறகு அபராதம்.

அவர் உள்ளே இருக்கும்போதே சங்கத்தின் கடிதமும் வந்தது. தாங்களே எழுதிய குறிப்புகளைச் சான்றாக ஏற்க இயலாது. பதிவேட்டின்படி இரு நாய்களுக்கும் உறவில்லை.

ஒரே நோட்டு, ஒரே கை, ஒரே நீலப் பேனா. முயலை நம்பினார்கள். தாயை நம்பவில்லை.

வீடு திரும்பிய செல்லதுரை குளித்துவிட்டு, நொண்டி வந்த குட்டியை மடியில் போட்டுக்கொண்டார். இதையும் எழுதிவிடு என்றார். எழுதிக் கிழித்தது போதும் என்று வாய்வரை வந்ததை அவள் விழுங்கினாள். புது நோட்டு எடுத்தாள். இடப்பக்கம் தாய் சிட்டு, தந்தை கரியன், இரண்டும் ஒரே வயிறு என்று எழுதினாள்.

வலப்பக்கத்தில் எழுத ஒன்றுமில்லை. அந்தக் கால்களை வைத்துக்கொண்டு அது வரப்பில் ஓடும் எலியைக்கூடத் துரத்தப் போவதில்லை.