வேலை கிடைத்தவர்கள் பட்டியல்

அறுபது பேர் படித்து முடித்ததில் முப்பத்தேழு பேருக்குத்தான் வேலை கிடைத்திருந்தது. நாற்பத்திரண்டு வேண்டும். நூற்றுக்கு எழுபது பேரையாவது வேலையில் சேர்த்துவிடாத பயிற்சி மையங்களை இழுத்து மூடிவிடலாம் என்று அரசாங்கத்தின் திறன் ஆலோசனைக் குழு எழுதிக் கொடுத்திருந்தது. அந்தக் குழு வியாழக்கிழமை நேரில் வருகிறது. அன்றைக்குச் செவ்வாய்.

மையத்தின் மேலாளருக்குப் படிக்க வந்தவர்கள் வைத்த பெயர் சதவீதம். மனிதர் காலை வணக்கம் சொன்னால்கூட அதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கும். அவர் வேலைவாய்ப்புப் பிரிவு எழுத்தரின் மேசையில் கையை ஊன்றி நின்றார்.

"அஞ்சு பேர்தானேம்மா. உன் கைலதான் இருக்கு."

"இல்லாத வேலையை எங்க சார் போடறது?"

"பட்டறைக்காரங்க கடிதம் தந்துடுவாங்க, நான் பேசிட்டேன். பேரை மட்டும் நீ போடு. மூடிட்டாங்கன்னா நீயும் நானும் தெருவுலதான்."

தெரு என்றதும் அவளுக்கு வீடுதான் நினைவுக்கு வந்தது. வீட்டில் அம்மா படுத்த படுக்கை. மாடியில் ஒற்றை அறையில் தம்பியும் அவன் மனைவியும் கைக்குழந்தையும். எல்லோருக்கும் சேர்த்து மாதம் தவறாமல் வருவது இவள் சம்பளம் ஒன்றுதான். தம்பி இதே மையத்தில் இந்த அறுபது பேரில் ஒருத்தனாக வெல்டிங் படித்தவன். கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாக அவனைச் சேர்த்துவிட்டதே அவள்தான். கையில் சான்றிதழ் இருக்கிறது. கிடங்கில் நாள் கூலிக்கு மூட்டை தூக்கிக்கொண்டிருக்கிறான்.

நாலு பெயர்கள் சுலபமாகக் கிடைத்தன. மூன்று பேர் ஊரைவிட்டே போயிருந்தார்கள். இன்னொருத்தன் தொலைபேசி எண்ணை மாற்றிக்கொண்டு ஆளே அகப்படவில்லை. ஐந்தாவதற்குப் பேனாவை வைத்துக்கொண்டு மாலைவரை உட்கார்ந்திருந்தாள். கடைசியில் தம்பி பெயரை எழுதி, ஏதோ ஒரு இரும்புப் பட்டறையில் வெல்டர் என்று போட்டு, கீழே கையெழுத்தும் போட்டாள். அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. காகிதம்தானே என்று நினைத்தாளாம். பதினோரு வருஷம் காகிதத்தோடு குப்பை கொட்டியவள், அந்தக் காகிதத்தை வைத்துத்தான் உள்ளே விடுவதும் வெளியே தள்ளுவதும் நடக்கிறது என்று தெரியாதவளா? தெரியும். தெரிந்தேதான் போட்டாள்.

குழுவில் நாலு பேர் வந்தார்கள். வெல்டிங் முகமூடியை வாங்கிப் பிடித்துக்கொண்டு மையத்தின் பட்டறையில் இரண்டு நிமிஷம் தீப்பொறி பார்த்தார்கள். பிறகு அவள் மேசைக்கு வந்து பட்டியலைப் புரட்டினார்கள். குழுத் தலைவி கண்ணாடியை இறக்கிவிட்டு, "சரியா எழுபது. ரொம்பத் துல்லியமா இருக்கே" என்றார். சதவீதம் குழைந்து சிரித்தார். நாற்பத்திரண்டு பேரில் ஒருத்தனைக் கூப்பிட்டு விசாரிக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. கையெழுத்துப் போட்டு, பிரதி எடுத்துக்கொண்டு, இரண்டு காரில் ஏறிப் போய்விட்டார்கள்.

ஆலோசனை சொல்வதும் அதை அலமாரியில் அடுக்கி வைப்பதும்தான் நாம் கண்ட வழக்கம். இந்த முறை என்ன கேடுகாலமோ, அரசாங்கம் கேட்டுவிட்டது. மூன்றாம் மாதம் உத்தரவு வந்தது. துறைமுகத்துக்கு நாற்பது வெல்டர்கள். தேர்வு கிடையாது, சிபாரிசு கிடையாது. மையங்களின் பதிவேட்டில் படித்து முடித்தும் வேலை கிடைக்காமல் இருப்பவர்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது குழுவின் யோசனை. முப்பத்தைந்து வயது முடிந்திருக்கக் கூடாது. இருபதாம் தேதிக்குள் பெயர்கள் போயாக வேண்டும்.

தம்பிக்கு இருபத்தெட்டாம் தேதி முப்பத்தைந்து முடிகிறது.

அவன் இரண்டிரண்டு படியாக இறங்கி வந்து சமையலறை வாசலில் நின்றான். அப்படி அவன் சிரித்து அவள் பார்த்து எத்தனையோ வருஷம்.

"அக்கா, கேள்விப்பட்டியா? நிரந்தர வேலை. எட்டு நாள் மிச்சம் வெச்சுத் தப்பிச்சேன் பாரு. என் பேரு மேல இருக்குமா, கீழ இருக்குமா?"

"பாக்கறேன்டா" என்றாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் சதவீதத்திடம் போய் நின்றாள். அவர் கதவைச் சாத்தினார்.

"குழு கையெழுத்துப் போட்ட பட்டியல்மா அது. பொய்யாப் போட்டேன்னு நீ எழுதிக் குடுத்தாதான் மாத்த முடியும். தாராளமாக் குடு, மேல அனுப்பறேன். உன் வேலை போகும், மையத்துக்குப் பூட்டு விழும்."

"வேலையை விட்டுட்டான்னு போட்டா சார்?"

"சேர்ந்த ஆறு மாசத்துக்குள்ள விட்டவனை ஒரு வருஷத்துக்கு வேலை இல்லாதவங்க பட்டியல்ல சேர்க்கக் கூடாது. அதுவும் அவங்க சொன்ன யோசனைதான்."

குழு அலுவலகத்துக்கே தொலைபேசியில் கூப்பிட்டாள். ஒரு பெண் குரல் தேனாகப் பேசியது. "நாங்க ஆலோசனை மட்டும்தாம்மா சொல்லுவோம். பேரு சேர்க்கறது, எடுக்கறது எல்லாம் உங்க மையம்தான் பாக்கணும்."

அன்று மதியம், பொய்யாகப் போட்டேன் என்று கடிதம் எழுதினாள். நாலே வரி. மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு மூன்று நாள் அலைந்தாள். சதவீதத்தின் அறை வாசல்வரை ஐந்தாறு முறை போயிருப்பாள். அம்மாவின் மருந்து, வீட்டு வாடகை, நாளைக்கு நாலு பேர் பேசப்போகும் பேச்சு என்று என்னென்னவோ காரணம் சொல்லிக்கொண்டாள். பூசி மெழுகுவானேன், பயம். வேறொன்றுமில்லை. இருபதாம் தேதி ஐந்து மணிக்கு, தம்பி பெயர் இல்லாமலே பட்டியல் துறைமுகத்துக்குப் போனது. கடிதம் கைப்பையிலேயே இருந்தது.

இரண்டு நாள் கழித்து, அம்மாவுக்கு அவள் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது தம்பி வந்தான்.

"துறைமுகத்துல போய்க் கேட்டேன்க்கா. எனக்கு ஏற்கெனவே வேலை இருக்குன்னு சொல்றாங்க. பட்டறை பேரெல்லாம் சொல்றாங்க, நான் அந்தப் பக்கம் போனதே இல்ல. எவனோ மாத்திப் போட்டிருக்கான். நீ போய்ச் சொன்னா கேப்பாங்க, இல்ல?"

கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "நான்தான்டா போட்டேன்."

அவனுக்கு முதலில் புரியவில்லை. அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அறுபது பேர் இருக்கோமே. ஏன் என் பேரு?"

"மத்தவங்க பேரைப் போட்டா சண்டைக்கு வருவாங்க. நீ வர மாட்டேன்னு நெனச்சேன்."

"இருபதாம் தேதி வரைக்கும் தெரிஞ்சும் சும்மா இருந்த?"

"ஆமா."

அவன் சத்தம் போட்டிருந்தால், கை ஓங்கியிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அம்மாவின் வாயோரம் வழிந்த கஞ்சியைத் துண்டால் துடைத்துவிட்டு மாடிக்குப் போனான். ஞாயிற்றுக்கிழமை ஒரு வண்டி வந்தது. இரண்டு பெட்டி, ஒரு பாய், குழந்தையின் தொட்டில். தம்பி மனைவி படியிறங்கும்போது அம்மாவிடம் மட்டும் சொல்லிக்கொண்டாள்.

துறைமுகத்துக்கு ஆள் எடுத்ததில் மையத்துக்கு நல்ல பெயர். அடுத்த பயிற்சிக்கு விண்ணப்பிக்க வாசல்வரை வரிசை நின்றது. சதவீதத்துக்குத் தலைகால் புரியவில்லை. அவள் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தாள்.

"மேடம், சர்ட்டிபிகேட் நகல் ஒண்ணு வேணும்."

குரலைக் கேட்டதும் நிமிர்ந்தாள். தம்பி இளைத்துப் போயிருந்தான். தோளில் மூட்டை தேய்த்த காய்ப்பு சட்டைக் கழுத்துக்கு வெளியே தெரிந்தது. அவனுக்குப் பின்னால் இருபது பேர் நின்றார்கள். அவள் படிவத்தை இழுத்து அவன் பெயரை எழுதப் போனாள்.

"கேட்டுட்டு எழுதுங்க மேடம். தப்பா ஏறிடப் போவுது."

அவள் கேட்டாள். அவன் தன் பெயரையும் அப்பா பெயரையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னான். அவள் எழுதிக்கொண்டாள்.