ஆமை மேல் நின்ற சேவல்

அகல்யா மலாக்காவை அடுத்த செங் தொழிற்பேட்டையில், டயர்க் கடை ஒன்றின் மாடியில் இருந்த ஆபீசில் வேலை பார்த்தாள். டெராலா என்கிற பெரிய கம்பெனியின் இணைய வரைபடத்தில் யார் வேண்டுமானாலும் புதுச் சாலை போடலாம், கடை சேர்க்கலாம், குளம் வரையலாம். அப்படி வருகிறவற்றைச் சரிபார்த்து உள்ளே விடுவதும் தள்ளுவதும்தான் அந்த ஆபீசின் வேலை. கணினித் திரையில் ஒரு சின்னச் சதுரம் வரும். அதில் வானத்திலிருந்து எடுத்த படம், அதன் மேல் யாரோ இழுத்த நீலக்கோடு. பச்சைப் பட்டனை அழுத்தினால் கோடு உலகத்துக்குத் தெரியும். சிவப்பை அழுத்தினால் மறைந்துவிடும். முழு இடத்தையும் பார்க்க வேண்டுமானால் படத்தைச் சுருக்கிப் பார்க்கலாம். ஆனால் அதற்கு நேரம் பிடிக்கும் என்று மேற்பார்வையாளர் சுஃப்யான் முதல் வாரத்திலேயே சொல்லியிருந்தான்.

"ஒவ்வொண்ணையும் சுருக்கிப் பாத்துக்கிட்டிருந்தா வேல ஓடாதும்மா. மேல உள்ளவங்க வேகத்தத்தான் பாப்பாங்க."

ஒருநாள் காலையில் அவளுக்கு வந்த சதுரத்தில் புலாவ் செபாங் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்று தெரிந்தது. அவள் வீட்டிலிருந்து காரில் போனால் கொஞ்ச தூரம்தான். மரங்களின் மேல் யாரோ சின்னதாக ஒரு குளம் வரைந்திருந்தார்கள். படத்தில் தண்ணீரே இல்லை. அகல்யா எழுந்துபோய் சுஃப்யானைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"அண்ணே, இங்க குளம் எதும் இல்லண்ணே. நான் அந்தப் பக்கந்தான் தெனமும் வர்றேன்."

சுஃப்யான் நின்றபடியே எட்டிப் பார்த்தான். "படம் பழசு. புதுசா தோண்டியிருப்பாங்க லா. விடு."

அவள் பச்சையை அழுத்தினாள்.

சில நாள் கழித்து, மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்து மேசை ஃபாத்திஹா கைப்பேசியை அவள் முகத்துக்கு நேராக நீட்டினாள். டெராலாவின் வரைபடத்தில் அந்தத் தோட்டம் முழுவதையும் தூரத்திலிருந்து எடுத்த படம். தனித்தனியாக உள்ளே வந்த கோடுகள் ஒன்றுசேர்ந்து, பெரிய குளம் ஒன்று ஆமையாகியிருந்தது. டெராலாவின் சின்னம் ஆமை. அதன் முதுகில் ஒரு சேவல். லோரிப் பாதைகள் அதன் கால்கள், வேலி வளைந்து கொண்டை. டெராலாவோடு வருஷக்கணக்காகப் போட்டி போடும் வேயோ கம்பெனியின் சின்னம் சேவல். அது வாலைத் தூக்கி ஆமையின் முதுகில் எச்சமிட்டுக்கொண்டிருந்தது. எச்சம், அகல்யா உள்ளே விட்ட அந்தச் சின்னக் குளம்.

ஃபாத்திஹா சிரித்துக்கொண்டிருந்தவள், அகல்யாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"காலு நான் விட்டதா இருக்கும்க்கா. தோட்டத்துப் பாதைன்னு ரெண்டு மூணு பாஸ் பண்ணேன். இங்க உள்ள எல்லாருந்தான் விட்டிருப்போம்."

அன்று சாயங்காலத்துக்குள் படம் உலகத்தையே சுற்றிவிட்டது. எங்கெங்கோ இருக்கிறவர்கள் புலாவ் செபாங் என்ற பெயரைத் தப்புத் தப்பாக உச்சரித்துச் சிரித்தார்கள். வேயோ கம்பெனி தன் பக்கத்தில், 'வரைந்தது நாங்கள் இல்லை, ஆனால் ரசித்தோம்' என்று எழுதியது. வரைந்தது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. பெயரில்லாத கணக்குகள் பல.

வரைந்தவன் கிடைக்காததால் டெராலா விட்டவளைத் தேடியது. படத்தில் எல்லாரையும் சிரிக்க வைத்தது எச்சம். அதைக் கடைசியாக அனுமதித்தது யாருடைய பணியாளர் எண் என்று பார்த்தார்கள். மறுநாள் சுஃப்யான் அவளைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டான். திரையில் டெராலாவின் அதிகாரி, வெளிநாட்டுக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"நான் கேட்டேன் சார். குளம் இல்லன்னு சொன்னேன். அண்ணே கிட்ட காட்டினேன்," என்று அகல்யா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னாள்.

திரையில் இருந்தவர் சுஃப்யானைப் பார்த்தார். சுஃப்யான் மேசையைப் பார்த்தபடி, "எனக்கு ஞாபகம் இல்லை," என்றான்.

டெராலாவின் அறிக்கை அன்றே வந்தது. ஒப்பந்தப் பணியாளர் ஒருவரின் கவனக்குறைவு, அவர் நீக்கப்பட்டுவிட்டார், பயனீட்டாளர்களிடம் மன்னிப்புக் கேட்கிறோம். அதில் பெயர் இல்லை. ஆனால் ஆபீசிலிருந்து யாரோ அவள் பெயரும் கைப்பேசி எண்ணும் தெரிகிற திரையைப் படமெடுத்து வெளியே விட்டிருந்தார்கள். அடுத்த வாரமே அவள் வேயோவிடம் காசு வாங்கிக்கொண்டுதான் விட்டாள் என்று ஒரு கதை கிளம்பியது. தெரியாத எண்களிலிருந்து கூப்பிட்டு, அவள் "ஹலோ" என்றதும் கொக்கரக்கோ என்று கூவி வைத்தார்கள்.

அவள் கணவன் நிவேந்திரன் ரயில் நிலையத்தில் டிக்கெட் முகப்பில் இருந்தான். அங்கேயும் ஒருவன் டிக்கெட் வாங்கிக்கொண்டு கூவிவிட்டுப் போனான். நிவேந்திரன் அதை வீட்டில் சொல்லவில்லை. கூட வேலை செய்கிறவரின் மனைவி மூலம் அகல்யாவுக்குத் தெரியவந்தது.

அவள் சுஃப்யானைத் தேடி மலாக்கா டவுனுக்குப் போனாள். அவன் தகப்பனாருக்கு அங்கே ஒரு மளிகைக் கடை. சனிக்கிழமைகளில் சுஃப்யான் கல்லாவில் இருப்பான். அவளைப் பார்த்ததும் எழுந்து, கடைக்குப் பின்னால் மூட்டைகள் அடுக்கிய இடத்துக்குக் கூட்டிப்போனான்.

"ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே. வேல வேணாம். நான் காசு வாங்கல, கேட்டுட்டுத்தான் விட்டேன்னு சொன்னா போதும்."

சுஃப்யான் கடைப்பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். "நீ கேட்டது உண்ம. விடுன்னு நான் சொன்னதும் உண்ம. ஆனா அத நான் எங்கயும் சொல்ல மாட்டேன் அகல்யா. சொன்னா உனக்கு வேல திரும்பக் கெடைக்காது. எனக்குப் போயிரும். அவ்வளவுதான் நடக்கும்."

அவள் அழவில்லை. அவன் பொய் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பாள். வெளியே வரும்போது சுஃப்யானின் தகப்பனார், "என்னம்மா, ஒண்ணும் வாங்கலியா?" என்று கேட்டார். அவள் தலையசைத்துவிட்டு நடந்தாள்.

தானும் விட்டதை வெளியே சொல்லும்படி ஃபாத்திஹாவிடமும் கேட்டாள். "தாரிக் இப்பத்தான் வேல இல்லாம வீட்ல இருக்காருக்கா," என்றாள் அவள். தாரிக் அவள் கணவன். அதற்கு மேல் அகல்யா வற்புறுத்தவில்லை.

இப்படி இருந்தபோதுதான் கோலாலம்பூரிலிருந்து திவ்யதர்ஷினி என்ற பெண் கூப்பிட்டாள். விளம்பரக் கம்பெனியில் வேலை செய்கிறவள், பேச்சில் தேன் ஒழுகியது. வேயோவுக்காக ஒரு சின்னப் படம் எடுக்கிறார்களாம்.

"அக்கா, உங்க கதைய நீங்களே சொல்லணும். அவங்க உங்கள எப்படித் தூக்கிப் போட்டாங்கன்னு ஜனங்களுக்குத் தெரியணும் இல்ல? இன்னொண்ணு, வேயோ மலாக்கால ஆபீஸ் தொறக்கப் போவுது. உங்களப் பத்தி நான் ஏற்கெனவே பேசிட்டேன்."

நிவேந்திரனுக்கு இது பிடிக்கவில்லை. "நீ வேயோகிட்ட காசு வாங்கினேன்னு சொல்றவங்களுக்கு, இனிமே அதுவே சாட்சி ஆயிரும். வேணாம் அகல்யா."

"வேற யாரு என்னப் பேச விடுறாங்க? நீங்க சொல்லுங்க."



படப்பிடிப்பு அந்தச் செம்பனைத் தோட்டத்திலேயே நடந்தது. மரங்களுக்கு நடுவே ஒரு நாற்காலி போட்டு அவளை உட்கார வைத்தார்கள். அகல்யா நல்ல சேலை கட்டி வந்திருந்தாள். திவ்யதர்ஷினி கேட்கக் கேட்க அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சின்னச் சதுரம், இல்லாத குளம், கேட்டது, விடு என்று சொன்னது, கண்ணாடி அறை, கூவுகிற தொலைபேசி. சொல்லி முடித்தபோது அவளுக்கு நெஞ்சு லேசாக இருந்தது. திவ்யதர்ஷினி எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு இன்னொரு காட்சிக்காக ஒருவன் சேவல் வேஷத்தில் வந்தான். பெரிய துணித் தலை, சிவப்புக் கொண்டை, பஞ்சு அடைத்த வயிறு. வேஷத்துக்குள்ளிருந்து அவனுக்குக் கீழே எதுவும் தெரியவில்லை. நடந்து வந்தவன் வாய்க்காலில் கால் வைத்து அப்படியே விழுந்தான். சேறு பூசிக்கொண்டு எழுந்தான், மறுபடியும் வழுக்கி விழுந்தான். துணித் தலை கழன்று ஓடியது. அவன் அதைத் துரத்திக்கொண்டு ஓடினான்.

அகல்யா சிரித்துவிட்டாள். வேலை போன நாளிலிருந்து அதுதான் அவள் முதல் சிரிப்பு. வாயைப் பொத்திப் பார்த்தாள், அடக்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. குனிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

விளம்பரம் வந்தபோது அதில் அவள் பேசிய ஒரு வார்த்தைகூட இல்லை. முதலில் டெராலாவின் வரைபடம், ஆமை, சேவல், எச்சம். அடுத்து நாற்காலியில் அகல்யா, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். கீழே எழுத்து: 'இவர் சரிபார்த்த வரைபடத்தையா நம்புகிறீர்கள்?' பிறகு சேவல் கூவ, வேயோவின் பெயர்.

அகல்யா அதைக் கைப்பேசியில் பார்த்தாள். ஒருமுறைதான் பார்த்தாள். பக்கத்தில் நிவேந்திரன் இருந்தான். 'நான் அப்பவே சொன்னேன்' என்று அவன் சொல்லவில்லை. எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்தினான்.

அகல்யா பல தடவை கூப்பிட்ட பிறகுதான் திவ்யதர்ஷினி எடுத்தாள். "சோரிக்கா. எடிட்ல போயிருச்சு. கிளையண்ட் முடிவு, என் கையில இல்ல."

"நான் பேசினது எங்கம்மா? அத்தன நேரம் பேசினேனே."

"அது... ரொம்ப சோகமா இருக்குன்னு சொல்லிட்டாங்கக்கா."

"அந்த வேல?"

"கேட்டுச் சொல்றேன்க்கா."

அவள் கேட்டுச் சொல்வதற்கு அவசியம் இல்லாமல் போனது. கொஞ்ச நாளில் டெராலாவும் வேயோவும் ஒரே கம்பெனியாகப் போகின்றன என்று செய்தி வந்தது. இரண்டு தலைவர்களும் கைகுலுக்குகிற படம் எல்லா இடத்திலும் வந்தது. மேடையில் அவர்களுக்குப் பின்னால் ஆமையும் சேவலும் தோளில் கைபோட்டு நிற்கிற பொம்மைகள். பழைய கிண்டல்களை மறந்துவிட்டோம் என்றார் ஒருவர். அதெல்லாம் ஆரோக்கியமான போட்டிதான் என்றார் மற்றவர். விளம்பரம் எல்லாப் பக்கங்களிலிருந்தும் எடுக்கப்பட்டது. மலாக்காவில் திறக்கவிருந்த ஆபீஸ் கைவிடப்பட்டது. செங்கில் இருந்ததையும் மூடினார்கள். இனிமேல் பொதுமக்கள் எதையும் வரைய முடியாது, அதனால் சரிபார்க்க ஆளும் வேண்டாம். சுஃப்யான் முழுநேரமாகக் கடைக் கல்லாவுக்குப் போய்விட்டான் என்று ஃபாத்திஹா சொன்னாள். அதைக் கேட்டு அகல்யாவுக்குச் சந்தோஷம் வரவில்லை. வந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று மட்டும் நினைத்தாள்.

விளம்பரம் போய்விட்டாலும் அவள் சிரிப்பு போகவில்லை. யாரோ அதை மட்டும் வெட்டியெடுத்து வாட்ஸ்அப் ஸ்டிக்கராக ஆக்கியிருந்தார்கள். சேலை கட்டிய தமிழ்ப் பெண் ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆடி ஆடிச் சிரிக்கிறாள். யார், என்ன என்று தெரியாதவர்கள்தான் அதிகம் அனுப்பினார்கள். மலாய்க்காரர்கள் அனுப்பினார்கள், சீனர்கள் அனுப்பினார்கள். யாராவது முட்டாள்தனமாக ஏதாவது சொன்னால் கீழே அவள் வந்து சிரித்தாள். நிவேந்திரனின் குடும்பக் குழுவிலும் ஒருநாள் வந்தது. கோலா சுங்கை பாருவில் இருக்கிற ஜானகி அத்தை அனுப்பியிருந்தார். கண்ணாடி போடாமல் அனுப்பிவிட்டதாகப் பிறகு அழுதுகொண்டே கூப்பிட்டார். பரவாயில்லை அத்தை என்று அகல்யாதான் அவரைத் தேற்றினாள்.

நிவேந்திரன் புகார் எழுதினான். போலிசுக்குப் போனான். அங்கே இருந்தவர் பொறுமையாகக் கேட்டார். "இத யார் செஞ்சான்னு கண்டுபிடிக்கிறது சுசா லா. கஷ்டம்," என்று தமிழிலேயே சொன்னார். அவரும் தமிழர்தான். எழுந்து வரும்போது, மனைவியைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

பள்ளியில் பெற்றோரைப் பார்க்கும் நாள் வந்தது. மகள் தேவிஸ்ரீ இரண்டு நாளாகச் சரியாகப் பேசவில்லை. அன்று காலையில் அகல்யா சேலையை எடுத்து வைத்தபோது கதவோரம் வந்து நின்றாள்.

"அம்மா, அப்பா மட்டும் வரட்டும்."

"ஏன்டா?"

"சும்மாதான்."

"கூட்டாளிங்க எதாச்சும் சொன்னாங்களா?"

தேவிஸ்ரீ தரையைப் பார்த்தாள். "ஒண்ணும் சொல்லலம்மா. என்னயப் பாத்தா எல்லாரும் அந்த மாதிரி சிரிச்சுக் காட்டுறாங்க. நீங்க வந்தா..." அவள் முடிக்கவில்லை. ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். "நீங்க தப்புச் செய்யலன்னு எனக்குத் தெரியும்மா. ஆனா வராதீங்க."

அகல்யா போகவில்லை. சேலையை மடித்து அலமாரியில் வைத்தாள்.

வேலை தேடிப் போன இடங்களில் எல்லாம் யாராவது ஒருவர் அவளைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தார்கள். தெரிந்த முகமாக இருக்கிறதே என்கிற பார்வை. அது எப்போது புரிதலாக மாறும் என்று அவளுக்குச் சொல்லத் தெரிந்துவிட்டது. உதடு லேசாக விரியும். அதற்குள் அவள் எழுந்துவிடுவாள்.

கடைசியில் செங்கில், பழைய டயர்க் கடைக்குப் பின்தெருவில், கணினிச் சில்லுகள் செய்கிற ஒரு தொழிற்சாலையில் எடுத்துக்கொண்டார்கள். நேர்முகம் நடத்திய பெண் தலையை நிமிர்த்தவே இல்லை. தூசு படக்கூடாத அறைக்குள் வேலை. உள்ளே போகும் முன் தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு மாட்டவேண்டும், வாயையும் மூக்கையும் மூடவேண்டும். கண்கள் மட்டும்தான் வெளியே தெரியும். வரிசையாக நிற்கிற பெண்களில் யார் யார் என்று ஒருத்தருக்கும் தெரியாது.

முதல் நாள் அந்த உடுப்பை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றபோது, அகல்யாவுக்குத் தன்னை அடையாளம் தெரியவில்லை. அவள் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றாள்.

சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் உடுப்பைக் கழற்றிவிட்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, பேச்சும் சிரிப்புமாகக் கண்டீனுக்குப் போனார்கள். பக்கத்தில் நிற்கிற மலாய்ப் பெண் அவளையும் கூப்பிட்டாள். பசியில்லை என்று அகல்யா கையைக் காட்டினாள். அடுத்த நாளும் கூப்பிட்டாள். பிறகு கூப்பிடுவதை விட்டுவிட்டாள். உடுப்புக்குள் புழுக்கமாக இருந்தது, மூச்சு முட்டியது. எல்லாரும் போன பிறகும் அகல்யா முகமூடியைக் கழற்றாமல் சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தாள்.